பழைய அனல்மின் நிலையத்தைப் புதுப்பிக்க அரசு தரும் பணம்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

‘நிலக்கரி மின் நிலையங்களை நவீனப்படுத்த அரசு இத்தனை கோடி ஒதுக்கீடு’ என்று செய்தி வந்தால், எல்லோர் கண்ணும் அந்தத் தொகை மேல்தான் போகும். தொகையைப் பார்க்கும் முன் அது எந்த வகைப் பணம் என்று பார்க்க வேண்டும். திருப்பித் தர வேண்டாத மானியமா, கடனா, கடனின் வட்டியில் மட்டும் சலுகையா, இல்லை ‘நீயே செலவு செய், மின்கட்டணத்தில் ஏற்றி வசூலித்துக்கொள்’ என்ற அனுமதியா? நான்குக்கும் போக்கு வேறு. எந்த வகைப் பணம் கிடைக்கிறதோ, அதற்கு ஏற்றபடி நிலையத்துக்குள் நடக்கும் வேலையே மாறிவிடும். இந்தியாவில் 1984 முதல் நடந்து வருவதை வைத்து இதை விளக்குகிறோம்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு கொதிகலன், ஒரு டர்பைன், ஒரு ஜெனரேட்டர் சேர்ந்த தொகுதியை மின்நிலையத்தில் ‘யூனிட்’ என்பார்கள். வீட்டு மீட்டரில் ஓடுவதும் யூனிட்தான். இங்கே இயந்திரத் தொகுதியை ‘அலகு’ என்றும், ஒரு கிலோவாட் மணி மின்சாரத்தை ‘யூனிட்’ என்றும் எழுதுகிறோம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மேட்டூரின் பழைய நிலையத்தில் நான்கு, வடசென்னை முதல் நிலையத்தில் மூன்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாடு முழுக்க நிறுவியவற்றில் இந்த அளவு மிகுதி. எனவே உதாரணக் கணக்குகளுக்கு 210 மெகாவாட் அலகையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு அலகு எப்படித் தேய்கிறது

அனல்மின் அலகின் வடிவமைப்பு ஆயுளை 25 ஆண்டு என்று வைப்பது வழக்கம். 25 முடிந்த மறுநாள் அது நின்றுவிடாது. ஆனால் உள்ளே இரண்டு வகைத் தேய்மானம் சேர்ந்திருக்கும்.

முதலாவது உலோகத்தின் தேய்மானம். பழைய 210 மெகாவாட் அலகில் நீராவி 535 டிகிரி செல்சியஸில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 130 அல்லது 150 கிலோ அழுத்தத்தில் ஓடுகிறது. அந்தச் சூட்டில் ஆண்டுக்கணக்கில் இழுவிசையைத் தாங்கும் எஃகு, கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல நீண்டுகொண்டே போகும். இதைத்தான் ‘க்ரீப்’ என்கிறார்கள். கொதிகலனின் ஹெடர்கள் (பல குழாய்களை ஒன்றுசேர்க்கும் தடித்த குழாய்கள்), பிரதான நீராவிக் குழாய், நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர் ஹீட்டர் குழாய்கள் இந்த இடங்களில்தான் முதலில் தெரியும்.

இரண்டாவது திறன் தேய்மானம். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க எத்தனை கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது என்பதை ‘ஹீட் ரேட்’ என்பார்கள். வண்டிக்கு மைலேஜ் எப்படியோ அப்படித்தான் இது. ஆனால் இங்கே எண் குறையக் குறைய நல்லது. நன்றாக ஓடும் 210 மெகாவாட் அலகு சுமார் 2,450-ல் ஓடுமானால், கவனிப்பு குறைந்த பழைய அலகு 2,700-க்கும் மேல் போய்விடும். டர்பைன் சீல் தேய்ந்து நீராவி பக்கவாட்டில் கசிந்திருக்கும். நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரின் குழாயில் படிவு ஏறி வெற்றிடம் குறைந்திருக்கும். காற்றை முன்கூட்டியே சூடாக்கும் ஏர் பிரீஹீட்டரின் சீல் போய், கொதிகலனுக்குப் போக வேண்டிய காற்று நேராகப் புகைப்பாதைக்குத் தாவும். அதை இழுக்க விசிறிகள் கூடுதலாக மின்சாரம் தின்னும்.

இதோடு நிலக்கரியின் தரமும் மாறிவிட்டது. கிலோவுக்கு ஏறக்குறைய 5,000 கிலோ கலோரி தரும் என்று நம்பி வடிவமைத்த, நிலக்கரியை அரைக்கும் மில்களுக்கு இன்று 3,500 அளவில்தான் வருகிறது. அதே மின்சாரத்துக்கு அதிக நிலக்கரி அரைக்க வேண்டும். சாம்பல் 35 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் ஈஎஸ்பி பெட்டி இந்தச் சுமைக்குக் கட்டியதல்ல. மேலும் நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு. அதனால் சாம்பல் துகளின் மின்தடை அதிகம், மின்புலத்தில் எளிதாக ஒட்டாது. ஈஎஸ்பியை நீட்டிப்பதும், கூடுதல் ஃபீல்டு (துகளைப் பிடிக்கும் மின்புலப் பகுதி) சேர்ப்பதும், தட்டுகளின் உயரத்தைக் கூட்டுவதும் ஏறக்குறைய எல்லாப் புதுப்பிப்புத் திட்டத்திலும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

பணம் கேட்கும் முன் எஃகைப் பார்ப்பது

எந்த நிதி நிறுவனமும் முதலில் கேட்கும் ஆவணம் ‘ஆர்.எல்.ஏ.’ அறிக்கை, அதாவது மீதி ஆயுள் மதிப்பீடு. இதில் ஒரு சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் பல நூறு கோடி ரூபாய் முடிவு இதன்மேல் நிற்கிறது.

அலகை நிறுத்தி, குளிர வைத்து, ஹெடர் மீதுள்ள வெப்பக்காப்பைக் கழற்றுவார்கள். வெல்டுக்கு அருகே உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்த்து, படிப்படியாக நுண்ணிய தாளால் மெருகேற்றி, வைர பேஸ்டால் கண்ணாடி போல ஆக்குவார்கள். நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தடவினால் எஃகின் மணிகளுக்கு இடையிலான எல்லைகள் அரித்துத் தெரியும். அதன்மேல் அசிட்டோனில் நனைத்த மெல்லிய அசிட்டேட் பிலிமை ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் உலோகத்தின் முகம் அந்தப் பிலிமில் அச்சாக வந்துவிடும். இதற்கு ‘ரெப்ளிகா’ என்று பெயர். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு குழிகள் இருந்தால், ஓட்டலாம், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழிகள் ஒரே திசையில் வரிசை கட்டியிருந்தால், குறித்த இடைவெளியில் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும். அவை இணைந்து நுண்விரிசலாகியிருந்தால் குறைந்த காலத்துக்கு மட்டும் ஓட்டி, அதற்குள் மாற்ற வேண்டும். பெருவிரிசல் தெரிந்தால் ஓட்டவே கூடாது.

இதுபோலவே குழாய்ச் சுவரின் தடிமன், உட்புற ஆக்சைடு படிவம், டர்பைன் ரோட்டரின் அல்ட்ராசோனிக் சோதனை, ஜெனரேட்டர் சுருள்களின் காப்புச் சோதனை எல்லாம் நடக்கும். கூடவே எரிசக்தித் தணிக்கையும் செய்து, எந்தப் பாகத்தில் எத்தனை கிலோ கலோரி வீணாகிறது என்று பிரித்துக் காட்டுவார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் விரிவான திட்ட அறிக்கைக்கு அடித்தளம்.

பணத்தின் நான்கு வகை

மத்திய அரசு 1984-ல் தொடங்கிய முதல் கட்டப் புதுப்பிப்புத் திட்டம் 34 அனல்மின் நிலையங்களின் 163 அலகுகளை எடுத்துக்கொண்டது. அப்போது மாநில மின்வாரியங்களுக்கு மத்திய அரசே கடனுதவி தந்தது. புதிய நிலையம் கட்டப் பணமில்லாத காலம் அது. இருக்கிற நிலையத்திலிருந்து கூடுதல் மின்சாரம் கறப்பதே நோக்கம். 1986-ல் பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் உருவானது. இரண்டாம் கட்டத்திலிருந்து அந்த நிறுவனத்தின் கடன்தான் முதுகெலும்பு. ஆக, இந்தியாவில் ‘அரசுப் பணம்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அரசு நிதி நிறுவனத்தின் கடன். திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியோடு.

வட்டிச் சலுகை இரண்டாவது வகை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கொண்டுவந்த துரித உற்பத்தி மற்றும் வழங்கல் திட்டத்தில், பவர் ஃபைனான்ஸ் கடனுக்கான வட்டியின் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அரசுக்குச் செலவு குறைவு, நிலையத்துக்கு ஆண்டுதோறும் நிவாரணம். சீனா 2021-ல் இதையே பெரிய அளவில் செய்தது: நிலக்கரியைத் தூய்மையாகவும் திறமையாகவும் பயன்படுத்தும் திட்டங்களுக்கு, அந்நாட்டு மத்திய வங்கி 20,000 கோடி யுவானை மறுகடன் வசதியாக வங்கிகளுக்குக் குறைந்த வட்டியில் திறந்துவிட்டது.

மூன்றாவது மானியம். இந்தியாவில் இது அரிது, வந்தாலும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடனோடு ஒட்டி வரும். நன்றாகத் தெரிந்த உதாரணம், 2009-ல் உலக வங்கி ஒப்புதல் தந்த நிலக்கரி மின் நிலைய மறுசீரமைப்புத் திட்டம். 18 கோடி டாலர் கடன். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்திலிருந்து 4.54 கோடி டாலர் மானியம். மேற்கு வங்கத்தின் பண்டேலில் 210 மெகாவாட் ஐந்தாம் அலகு, மகாராஷ்டிரத்தின் கோராடியில் 210 மெகாவாட் ஆறாம் அலகு, ஹரியாணாவின் பானிபட்டில் தலா 110 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகள், ஆக 640 மெகாவாட் என்று தொடங்கினார்கள். பானிபட் விலகிக்கொண்டது. மிஞ்சியது 420 மெகாவாட். மானியம் கையில் இருந்தும் மூன்றில் ஒரு பங்கு திட்டம் கரைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய திட்டம் ஏன் தடுமாறுகிறது என்பது பின்னால் வரும் கணக்கில் தெரியும்.

அமெரிக்காவில் மானியத்துக்குப் பழக்கம் அதிகம். 2025 செப்டம்பரில் அந்நாட்டு எரிசக்தித் துறை நிலக்கரித் தொழிலுக்கு 62.5 கோடி டாலர் அறிவித்தது. அதில் 35 கோடி, மூடிய நிலையங்களைத் திறப்பதற்கும் பழையவற்றை நவீனப்படுத்துவதற்கும். மானியத்தால் கட்டிய ஒன்று பிறகு எப்படிச் சிக்குகிறது என்பதற்கு டெக்ஸாஸின் பெட்ரா நோவா நல்ல பாடம். நிலக்கரி அலகின் புகையில் ஒரு பகுதியிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் அந்த ஆலைக்கு எரிசக்தித் துறை சுமார் 19 கோடி டாலர் தந்தது. 2017-ல் ஓடத் தொடங்கியது. பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றில் செலுத்தி, கூடுதலாக எண்ணெய் எடுத்து விற்பதுதான் வருமான வழி. 2020-ல் எண்ணெய் விலை விழுந்ததும் ஆலை நின்றது. 2023-ல்தான் மறுபடி ஓடியது. மானியம் கட்டுமானச் செலவைத் தாங்கியது. தினசரி ஓட்டும் செலவை யார் தருவது என்ற கேள்வி எண்ணெய் விலையிடம் விடப்பட்டிருந்தது.

நான்காவது வகைதான் இந்தியாவில் மிகப் பெரியது, செய்தியில் மிகக் குறைவாக வருவதும் அதுதான்: கட்டணம் வழியாக மீட்பது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024–29 விதிகளின்படி, 25 ஆண்டு கடந்த நிலக்கரி நிலையத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, முழுப் புதுப்பிப்புக்கு மனுப் போட்டு, செலவை மூலதனத்தில் சேர்த்து, கட்டணத்தில் மீட்பது. இல்லையென்றால் புதுப்பிப்புக்குப் பதிலாகச் ‘சிறப்புப் படி’ வாங்கிக்கொள்வது. இதன் அளவு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 10.75 லட்சம் ரூபாய். இதற்கு முந்தைய ஐந்தாண்டில் 9.5 லட்சம். 210 மெகாவாட் அலகுக்கு ஆண்டுக்கு சுமார் 22.6 கோடி ரூபாய் ஆகும்.

இங்கேதான் பணத்தின் வகை வேலையின் வகையைத் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு 22.6 கோடியில் அலகை ஆறு மாதம் நிறுத்தி டர்பைனை மாற்ற முடியாது. வருடாந்திர ஓவர்ஹாலின்போது ஒரு வருடம் எக்கனமைசர் குழாய், அடுத்த வருடம் ஏர் பிரீஹீட்டர் கூடைகள், அதற்கடுத்து கண்ட்ரோல் சிஸ்டம் என்று துண்டு துண்டாக மாற்றலாம். மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசியின் பழைய நிலையங்கள் பல இந்த வழியைத்தான் எடுத்தன. நல்ல பராமரிப்பு உள்ள நிலையத்துக்கு இது மிகச் சரியான வழி என்பது எங்கள் கருத்து: மின்சாரம் நிற்காது, கடன் ஏறாது. ஏற்கெனவே நொடித்துப்போன நிலையத்துக்கு இது உதவாது.

கணக்கு எங்கே இடிக்கிறது

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் உதாரணத்துக்காக எடுத்தவை. 210 மெகாவாட் அலகு, புதுப்பிக்கும் செலவு 400 கோடி ரூபாய். புதுப்பித்த பின் 70 சதவீதச் சுமையில் (ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினால் வருவதில் 70 சதவீதம்) ஓடினால் ஆண்டுக்கு சுமார் 128.8 கோடி யூனிட் வரும். ஹீட் ரேட் 2,700-லிருந்து 2,450-க்கு இறங்குகிறது. நிலக்கரி கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி என்றால், ஒரு யூனிட்டுக்கு 771 கிராம் எரித்த இடத்தில் இனி 700 கிராம். ஆண்டுக்கு ஏறக்குறைய 92,000 டன் மிச்சம். டன் 4,000 ரூபாய் என்று வைத்தால் 36.8 கோடி ரூபாய், யூனிட்டுக்கு 28.6 பைசா.

இனிச் செலவுப் பக்கம். வழக்கப்படி 70 சதவீதம் கடன், 30 சதவீதம் பங்கு மூலதனம். 280 கோடி கடனுக்கு 9.5 சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டில் 26.6 கோடி. 120 கோடி மூலதனத்துக்கு 15.5 சதவீத ஆதாயம் 18.6 கோடி. செலவில் 90 சதவீதத்தை 15 ஆண்டுகளில் கணக்குப் புத்தகத்தின் மதிப்புத் தேய்மானமாகக் கழித்தால் ஆண்டுக்கு 24 கோடி. கூட்டினால் 69.2 கோடி. யூனிட்டுக்கு 54 பைசா.

28.6 பைசா மிச்சம் பிடிக்க 54 பைசா செலவு. நிலக்கரி சேமிப்பு மட்டும் புதுப்பிப்பைத் தாங்காது என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. தாங்குவது எது? அலகு அடிக்கடி நின்றுபோகாமல் ஓடுவது. பழைய அலகு 55 சதவீதத்தில் 101 கோடி யூனிட்தான் தந்துகொண்டிருந்தது என்று வைப்போம். சம்பளம், பராமரிப்பு முதலிய நிலைச்செலவு 90 கோடி என்றால் அது யூனிட்டுக்கு 89 பைசாவாக விழுந்தது. 70 சதவீதத்தில் 70 பைசாவாகிறது. 19 பைசா லாபம். இப்போது பற்றாக்குறை 6 பைசாவுக்குச் சுருங்கிவிட்டது. வட்டி 9.5-லிருந்து 5 சதவீதமானால் இன்னும் 10 பைசா குறையும், திட்டம் கரையேறிவிடும். வட்டிச் சலுகை எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பது இதுதான்.

மானியத்தில் ஒரு விதி முக்கியம். திருப்பித் தர வேண்டாத அரசு மானியத்தை மூலதனச் செலவிலிருந்து கழித்துவிட வேண்டும். அதன்மேல் வட்டியோ ஆதாயமோ கேட்க முடியாது. 400 கோடியில் 100 கோடி மானியம் வந்தால், கட்டணத்தில் ஏறுவது 300 கோடிக்கான சுமை மட்டும், அதாவது யூனிட்டுக்கு 54-க்குப் பதில் 40 பைசா. அந்தப் பயன் நேராக நுகர்வோருக்குப் போகிறது. நிறுவனத்துக்கு அதனால் தனி லாபம் இல்லை. மானியம் கிடைத்தும் சில மின் உற்பத்திக் கழகங்கள் ஆர்வம் காட்டாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தக் கணக்கு முழுக்க 70 சதவீதச் சுமை என்ற ஒற்றைக் காலில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாநிலத்தில் மலிவான மின்சாரம் கிடைத்து, பழைய அலகை ஓட்டச் சொல்லி அழைப்பே வராவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். சிறிய அலகுகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சென்னை எண்ணூர் அனல்மின் நிலையத்தில் 60, 110 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 450 மெகாவாட். 2017 மார்ச்சில் மூடினார்கள். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் பழுப்பு நிலக்கரியில் ஓடியது, 600 மெகாவாட், 1962-ல் தொடங்கியது. தொண்ணூறுகளில் ஆயுள் நீட்டிப்பு செய்து, 2020 செப்டம்பர் வரை ஓட்டினார்கள். ஒரு முறை நீட்டியது பலன் தந்தது, அதற்குமேல் நீட்டாமல் 1,000 மெகாவாட் புதிய நிலையத்தைக் கட்டியதும் சரியான முடிவுதான்.

வேலை நடக்கும்போது எது கெடுகிறது

வழக்கமான வரிசை இது: ஆர்.எல்.ஏ., எரிசக்தித் தணிக்கை, திட்ட அறிக்கை, ஒழுங்குமுறை ஆணையத்தின் கொள்கை ஒப்புதல், கடன் அனுமதி, டெண்டர், ஷட்டவுன், பணி, செயல்திறன் சோதனை, இறுதிச் செலவுக்கு ஆணையத்தின் ஒப்புதல். ஆணையம் முதலில் கேட்பது எத்தனை ஆண்டு ஆயுள் நீளும், செலவு–பயன் கணக்கு என்ன, எந்த ஆண்டின் விலைவாசியில் மதிப்பீடு போட்டது, எத்தனை மாதம் அலகு நிற்கும் என்பவைதான்.

இந்த வரிசை நத்தை வேகத்தில் நகரும். ஆர்.எல்.ஏ. எடுத்து நான்கைந்து ஆண்டு கழித்து ஷட்டவுன் வந்தால், அந்த அறிக்கை பழைய எக்ஸ்ரேயைப் பார்த்து ஆபரேஷன் செய்வது போல. கொதிகலனைத் திறந்ததும், பட்டியலில் இல்லாத வாட்டர் வால் பேனல்களும் (கொதிகலனின் சுவராக நிற்கும் குழாய் வரிசைகள்) தாங்கு கட்டமைப்புகளும் அரித்துப்போய் நிற்கும். ஒப்பந்தத்தில் அவை இல்லை. ஒப்பந்ததாரர் கூடுதல் விலை கேட்பார். கழகத்தின் வாரியக் கூட்டம் கூட வேண்டும். குழாய்க்கு ஆர்டர் போட வேண்டும். குழாய் வர மாதங்கள் ஆகும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு: ஷட்டவுனுக்கு முந்தைய ஓவர்ஹாலிலேயே சந்தேகமான இடங்களைத் திறந்து பார்த்துவிடுவது, ஒப்பந்தத்திலேயே டன்னுக்கு, மீட்டருக்கு என்று கூடுதல் வேலையின் விலையை முன்கூட்டியே பேசிவைப்பது.

தாமதத்தின் விலையை மேலே போட்ட அதே கணக்கில் பாருங்கள். 280 கோடி கடனுக்கு மாத வட்டி 2.2 கோடி. அதைவிடப் பெரியது, நின்ற அலகுக்குப் பதில் வெளியில் வாங்கும் மின்சாரம். 55 சதவீதத்தில் மாதம் 8.4 கோடி யூனிட் இழக்கிறோம். வெளியில் யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால் மாதம் 12.6 கோடி. ஆறு மாத வேலை பன்னிரண்டு மாதம் ஆனால், தாமதமே 90 கோடியைத் தின்றுவிடும். ஏறக்குறைய நாம் எடுத்துக்கொண்ட அந்த 100 கோடி மானியம் அப்படியே போய்விட்டது என்று பொருள்.

இன்னொரு பெரிய தவறு, கொதிகலன், டர்பைன், ஜெனரேட்டர் மூன்றுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, சுற்றியுள்ளவற்றை விட்டுவிடுவது. புதிய டர்பைன் 210 மெகாவாட் தரத் தயாராக நிற்கும். நிலக்கரிக் கன்வேயர் அடிக்கடி அறுந்துபோகும், கூலிங் டவர் தண்ணீரைக் குளிர்விக்காது, சாம்பல் குழாய் அடைத்துக்கொள்ளும். அலகு 160-ஐத் தாண்டாது. செயல்திறன் சோதனையில் ஒப்பந்ததாரர், ‘தண்ணீர் சூடாக வருகிறது, என் டர்பைன் மேல் குறையில்லை’ என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். கடன் அளவைக் குறைத்துக் காட்டத் திட்ட அறிக்கையில் முதலில் வெட்டப்படுவது இந்தத் துணைக்கருவிகள்தான். அப்படி வெட்டுவதைவிடத் திட்டத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுவது மேல்.

புகைக்கும் ஒரு கணக்கு உண்டு

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய வரம்புகளை அறிவித்தது. 2003-க்கு முந்தைய அலகுகளுக்குத் துகள்மாசு ஒரு கனமீட்டருக்கு 100 மில்லிகிராம். 500 மெகாவாட்டுக்குக் குறைந்தவற்றுக்குக் கந்தக டை ஆக்சைடு 600 மில்லிகிராம். துகளுக்கு ஈஎஸ்பியைச் சரிசெய்தால் போதும். கந்தகத்துக்கு எஃப்ஜிடி என்ற தனி ஆலையே வேண்டும்: சுண்ணாம்புக்கல்லை அரைத்துக் கரைசலாக்கிப் புகையில் தெளித்தால் கந்தகம் அதில் சிக்கி ஜிப்சமாகிவிடும். இதற்கு அரசு கஜானாவிலிருந்து மானியம் தரவில்லை. 2018 மே 30 அன்று மத்திய மின் அமைச்சகம், இதைச் ‘சட்ட மாற்றம்’ என்று கருதிச் செலவைக் கட்டணத்தில் அனுமதிக்கும்படி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிவுறுத்தியது. நான்காவது வகைப் பணத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

பிறகு காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிப்பு, பெருநகரங்களிலிருந்தும் மாசு மிகுந்த பகுதிகளிலிருந்தும் தொலைவில் உள்ள, எண்ணிக்கையில் பெரும்பான்மையான நிலையங்களுக்குப் புகைபோக்கி உயர நிபந்தனையோடு கந்தக வரம்பிலிருந்து விலக்கு தந்துவிட்டது. டெல்லி வட்டாரத்துக்கோ பத்து லட்சம் மக்கள் உள்ள நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் உள்ளவற்றுக்குக் கெடு 2027 டிசம்பர் 30. விதியை மதித்து முன்கூட்டியே எஃப்ஜிடி கட்டிய நிலையத்தின் மின்சாரத்தில் அந்தச் செலவு ஏறியிருக்கிறது. கட்டாமல் காத்திருந்ததற்கு அந்தச் சுமை இல்லை. விலை குறைந்த மின்சாரத்தை முதலில் எடுக்கும் முறையில், காத்திருந்தவர் முன்வரிசைக்குப் போகிறார். பக்கத்து ஊர்களில் மூச்சு விடும் மக்களை நினைத்துப் பார்த்தால் இது மனதை உறுத்தும் விஷயம். இத்தகைய சுற்றுச்சூழல் கருவிகளுக்காவது நேரடி மானியம் தந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறோம். நிலையத்துக்கு அதனால் ஒரு யூனிட் கூடக் கூடுதலாக வராது. பயன் முழுக்க ஊருக்குத்தான்.

பகலில் தாழ, மாலையில் ஏற

2023 ஜனவரியில் மத்திய மின்சார ஆணையம் (கட்டணம் நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் அல்ல, தொழில்நுட்ப அமைப்பு) கொண்டுவந்த விதிமுறைகள் புதுப்பிப்புக்குப் புதிய காரணம் ஒன்றைச் சேர்த்தன. பகலில் சூரிய மின்சாரம் கொட்டும்போது நிலக்கரி அலகு தன் திறனில் 40 சதவீதம் வரை இறங்க வேண்டும். மாலையில் வேகமாக ஏற வேண்டும்: 70 சதவீதத்துக்கு மேல் நிமிடத்துக்கு 3 சதவீதம், 55 முதல் 70 வரை 2 சதவீதம், 40 முதல் 55 வரை 1 சதவீதம். நிலையங்கள் கட்டம் கட்டமாக இதற்கு மாற வேண்டும். அதே மாதத்தில் மின் அமைச்சகம், 2030 வரை பழைய அலகுகளை ஓய்வுபெறச் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. ஆக, தொடர்ந்து ஒரே சுமையில் ஓடுவதற்குப் பிறந்த 210 மெகாவாட் அலகு, முதிய வயதில் தினமும் ஏறி இறங்க வேண்டும்.

40 சதவீதத்தில் இரண்டு மூன்று மில்கள்தான் ஓடும். சாம்பல் மிகுந்த நிலக்கரியில் சுடர் நிலையாக நிற்காது. சுடரைக் கண்காணிக்கும் ஸ்கேனர்கள், மில் கட்டுப்பாடு, தானியங்கி கண்ட்ரோல் சிஸ்டம், நீரிலிருந்து நீராவி பிரியும் கொதிகலன் டிரம்மில் கூடுதல் வெப்பமானிகள் எல்லாம் தேவை. இவற்றின் விலை டர்பைன் மாற்றுவதோடு ஒப்பிட்டால் சிறியது, பணம் கிடைத்துவிடும். கடினமானது தொடர் செலவு: குறைந்த சுமையில் ஹீட் ரேட் கெடும், யூனிட்டுக்கு நிலக்கரி அதிகம் எரியும். அதற்கு ஈடு தரும் வழிமுறை மின்தொகுப்பு விதிகளில் இருக்கிறது. உலோகச் சோர்வுக்கான கணக்கு அவ்வளவு நேரடியானதல்ல. டிரம், ஹெடர் போன்ற தடித்த பாகங்கள் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் ஆயுளில் கொஞ்சம் போகிறது. இது க்ரீப்போடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று வேகப்படுத்தும்.

அதனால் இப்போதே ஒரு பதிவேடு தொடங்குவது நல்லது. எத்தனை முறை குளிர்ந்த நிலையிலிருந்து கொளுத்தினார்கள், எத்தனை முறை சூட்டோடு மறுபடி ஏற்றினார்கள், எத்தனை முறை 55 சதவீதச் சுமைக்குக் கீழே இறங்கினார்கள், ஒவ்வொரு முறையும் டிரம்மின் மேல்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும். ஓடிய மணிநேரம் மட்டும் தெரிந்தால் அடுத்த ஆர்.எல்.ஏ.வில் மீதி ஆயுளைச் சரியாகக் கணிக்க முடியாது. கடன் கேட்டுப் போகும் நாளில் நிதி நிறுவனம் முதலில் கேட்கப்போவதும் அந்தப் பதிவேட்டைத்தான்.